சாம்பிராணி போட்டவர்கள்

எங்கள் ஜெபக்கூட்டம் வியாழன் மாலைகளில் இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் கூடும். ஆறு பேர். ஐவர் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள். குடியுரிமை உள்ளவள் நான் ஒருத்திதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் படித்தோம். பேரரசனின் சிலைக்கு முன் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் உயிர் தப்பலாம். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களும் பிடிபட்டார்கள். மற்றவர்கள் அந்தத் தியாகிகளுக்காக அழுதார்கள். எனக்கு, சாம்பிராணியைப் போட்டுவிட்டு வீடு திரும்பி, பிறகு சபை வாசலில் வந்து நின்று அழுதவர்கள்தான் சொந்தக்காரராகத் தெரிந்தார்கள்.

ஏனென்றால் வீட்டில், கணவனுக்கும் அவர் தாயான மாமிக்கும் முன்னால், நான் சைவக்காரி. மாமி கும்பிட்டு முடிந்ததும் சாமியறைக் குங்குமத்தை வைத்துக்கொண்டு வெளிக்கிடுவேன். பஸ் தரிப்பில் ஈரத்தாளால் துடைப்பேன். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் பொட்டு வைப்பதில்லை. ஆறு வருடம் இந்தக் கூத்து. வெட்கம்கெட்ட பிழைப்பு என்று எனக்கே தெரியும்.

எங்களில் இளையவள் வன்னியிலிருந்து வந்தவள். ஊரில் அவர்களுடைய ஜெபக்கொட்டிலை எரித்தார்கள். எரித்தவர்கள் அயலட்டைச் சனம்தான். அவளின் தலைமயிரைப் பிடித்து நெற்றியில் வலுக்கட்டாயமாகப் பொட்டு வைக்கப் போனபோது உதறினாள். கையை முறித்தார்கள். அது இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

அவளுடைய விசாரணைக்குச் சபையிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். மற்ற நால்வரும் சாட்சி சொன்னால் தங்கள் கோரிக்கை கெட்டுவிடும் என்று பயந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆளாக இருப்பார், கதை மாமியின் காதுக்கு வரும் என்று நானும் பயந்தேன். ஆனாலும் வாறன் என்றேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது சாப்பாடு கொண்டுபோகிற பக்கத்தில் நிற்க ஆசை.

அன்று கடும் குளிர். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லியே மெட்றோவில் போனேன். விசாரணை அறையில் தொப்பியைக் கழற்றினேன். அவள் என்னைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. எனக்கு விளங்கவில்லை.

அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "பொட்டு வைக்க மறுத்ததாலதான் கை முறிஞ்சது எண்டு இவ இப்பதான் சொன்னவ. நீங்கள் அதே சபை. உங்கட நெற்றியில என்ன?"

கை தானாக நெற்றிக்குப் போனது. விரலில் சிவப்பு.

"நான் சபைக்குப் போறது வீட்டுக்குத் தெரியாது" என்றேன்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சபையைப் பற்றிச் சொன்ன ஒரே சாட்சி நம்பத்தக்கவர் அல்ல என்று எழுதியிருந்தார்கள். மேன்முறையீடும் சரிவரவில்லை. பாவி நான், ஒரு விரல் குங்குமத்தால் ஒருத்தியைக் கவிழ்த்துவிட்டேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று இனி ஒளித்து என்ன என்று மாமிக்கு முன்னால் போய் நின்றேன். "நான் வேதக்காரி மாமி" என்றேன்.

அவர் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அது எப்பவோ தெரியும் பிள்ளை. வியாழக்கிழமையில பிரெஞ்சு வகுப்பு எண்டு ஆறு வருசமாப் போறீர். ஒரு சொல்லும் வாயில வரேல்லை. உம்மட மனம் நோகக்கூடாது எண்டு மகனும் நானும் பேசாமல் விட்டனாங்கள்."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அவளை ஏற்றிவிட விமான நிலையத்துக்குப் போனேன். கோணல் கையால் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"என்னால உங்களுக்கு வீட்டில கரைச்சலோ அக்கா?"

"ஓம். கொஞ்சம்" என்றேன்.

"அங்கை போய் அதுக்கும் ஜெபிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.