கராஜ் வாசலில் நான் விழுங்கிய வார்த்தை

நான்கு வருடங்களுக்கு முன், ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, பெரியகல்லாற்றில் நடந்தது இது. அப்போது நான் சொந்தக் காரில் வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆட்களை ஏற்ற வேண்டும். பாலத்தில் ஏறும்போதே கார் குலுங்கத் தொடங்கிவிட்டது. எவ்வளவு மிதித்தும் இழுவை இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் லைட்டோடு, சறுக்குகிற கார் படம் போட்ட டிராக்ஷன் கண்ட்ரோல் லைட்டும் எரிந்தது.

எனக்கு மூக்கின் மேல் கோபம். இரண்டு நாட்களுக்கு முன்தான் சர்வீஸ் செய்திருந்தேன். செய்தவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் வாவிக்கரையில் பழுதான தோணி மோட்டாரைக் கழற்றி, சட்டையெல்லாம் எண்ணெயாக்கி, இரண்டு பேரும் வீட்டில் அடி வாங்குவோம். என்ன சந்தோசமான நாட்கள் அவை! அவன் கராஜ் என்றால் பிறகு ஊரில் ஒரு மதிப்பே இருந்தது.

அதையெல்லாம் மறந்து, காரைத் திருப்பிக்கொண்டு போய் அவன் வாசலில் நின்று கத்தினேன்.

“சர்வீஸ் எண்டு சொல்லி என்னடா செஞ்சு வச்சிருக்காய்? வேலை தெரியாட்டி கராஜைப் பூட்டு!”

நாலைந்து பேர் தங்கள் வாகனங்களோடு நின்றார்கள். அன்றுதான் முதன்முதலாக அங்கே வந்திருந்த ஒரு பள்ளிக்கூட வேன்காரர், கண் வாங்காமல் எங்களையே பார்த்தார்.

“கத்தாத மச்சான், பாப்பம்” என்று அவன் ஸ்கேனரைப் பூட்டினான். “எஞ்சினுக்குள்ள எங்கயோ காத்து இழுக்குது. எஞ்சின் பிசகினா டிராக்ஷன் கண்ட்ரோலும் தன்னால நிண்டுடும்.”

பொனட்டைத் திறந்ததும் ‘உஸ்’ என்று சத்தம். விரல் தடிப்பில் ஒரு வக்யூம் ஹோஸ், காற்று இழுக்கும் ரப்பர் குழாய், கழன்று தொங்கியது. அதன் கிளிப்பில் கொஞ்ச நூலும் இரண்டு செவ்வந்தி இதழ்களும் சிக்கியிருந்தன.

அது என் மாலையின் நூல். பூசைக்கு எஞ்சினில் சந்தனம் பூசி, குறுக்கே மாலை கட்டியவன் நான். காலையில் அவசரத்தில் அதை ஒரே இழுவையாக இழுத்து எறிந்தவனும் நான்.

அவன் என்னை ஒருதரம் பார்த்தான். நூலையும் இதழ்களையும் எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

“ஹோஸை இறுக்காம விட்டுட்டன். என்ட பிழைதான்.”

நான் வாய் திறக்கவில்லை. வேன்காரர் வேனைப் பின்னால் எடுத்துப் போய்விட்டார். பிறகு அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை.

எல்லாரும் போன பின், “ஏன்டா அப்பிடிச் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“உனக்குக் கோபம் போனா மறுகா அழுகையெல்லோ வரும். இத்தனை பேருக்கு முன்னால அழுதா நல்லாவா இருக்கும்?” என்று சிரித்தான். நான் அழத்தான் செய்தேன்.

இப்போது அவன் கட்டார் நாட்டில் வேலை செய்கிறான். கராஜ் இருந்த இடத்தில் பலசரக்குக் கடை. வாரம் ஒருமுறை பேசுவோம். தோணி மோட்டார் கதையெல்லாம் வரும், அந்தக் காலைக் கதை மட்டும் அவன் வாயிலிருந்து வந்ததேயில்லை. அன்று அந்த வாசலில் நின்றவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், பிழை விட்டது அவன் இல்லை, நான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய இந்த ஒரு வார்த்தைக்கு நான்கு வருடம் எடுத்ததை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.