அடுப்புக்கு ஓர் அட்டை

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கரண்ட் அடுப்பை அவள் நான்கு நாளாகப் போடவே இல்லை. ஐந்தாம் நாள், என் வார விடுமுறையன்று போனபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. பாத்திரம் ஏறிய சுவடே இல்லாமல் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"ஏன்க்கா, புடிக்கலையா?"

"நல்லாத்தான்டா இருக்குது" என்றாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "பக்கத்து வீட்டம்மா வந்து போட்டுக் குடுத்தாதான் எரியும். அந்தம்மாவ எத்தினி வாட்டிடா கூப்புடறது?"

அக்காவுக்குக் கண் தெரியாது. சர்க்கரை நோய் அவள் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. மாமா காலையில் தறிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை வீட்டில் அவள் மட்டும்தான். சமையல் முழுவதும் அவள் கைதான். கேஸ் அடுப்பில் அவளுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. எவ்வளவு திருப்பினால் எவ்வளவு எரியும் என்று விரலுக்கே தெரியும். ஆனால் ஒருநாள் முந்தானையில் தீப்பிடித்துவிட்டது. தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தாள். அந்தப் பயத்தில்தான், நெருப்பே இல்லாத அடுப்பு என்று ஓடிப்போய் இதை வாங்கி வந்தேன். கடையில் அதன் மேல்பரப்பைத் தடவிப் பார்த்து, "துடைக்கச் சுலபம்" என்று நானே மகிழ்ந்தேன். அந்த வழவழப்புதான் வினை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எந்தப் பொத்தானுக்கும் மேடு இல்லை, பள்ளம் இல்லை. படம் மட்டும்தான்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

"சிவப்பு லைட் எரியும் சார். அதைப் பாத்து பிரஸ் பண்ணச் சொல்லுங்க."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதும்மா."

"அப்போ, வீட்டுல வேற யாராவது இருக்காங்களா சார்?" என்றாள்.

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போன வைடா" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

நான் தெருமுனைக் கடைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஒன்று ஒட்டினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா பாலை வைத்து, ஆன் செய்ய விரலால் தேடினாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் 'பீப்' என்றது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சத்தம். சூடு ஏறியதா, இறங்கியதா, அணைந்தேபோனதா, ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்தது.

நான் துணியை எடுத்துத் துடைத்தேன்.

"தம்பி, இதுல தேடறதும் அழுத்தறதும் ஒண்ணாப் பூடுதுடா. தொட்டாலே அழுத்துனதா எடுத்துக்குது. நான் தொட்டுத்தானே தேடணும்?"

அதுவரை எனக்கு விளங்காமல் இருந்த கோளாறை அவள் இரண்டே வரியில் சொல்லிவிட்டாள். அதோடு விடவுமில்லை. "பரண்மேல என் பழைய அட்டைக் கட்டு இருக்குது, எறக்கு" என்றாள்.

கண் நன்றாக இருந்த காலத்தில் அக்கா அட்டை அடிப்பவள். புடவையில் எந்த இடத்தில் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்ல, அட்டைகளில் துளை போட்டுக் கோர்ப்பார்கள். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும். துளை இல்லாத இடத்தில் நின்றுவிடும். அந்த வேலை. ஒரு துளை இடம் மாறினால் புடவையில் நெய்யும் மயிலின் கழுத்து உடைந்துவிடும். அக்கா அடித்த அட்டையில் மயில் கழுத்து உடைந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஊசிக்கு பதிலா என் வெரலுடா" என்றாள். "அட்டைமேல தேடிக்கினு போவேன். ஓட்டை வந்தா உள்ள அழுத்துவேன்."

அடுப்பின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். இனி எங்கே தொட்டாலும் அது கத்தாது. நான் ஒட்டிய பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி, விரற்கடையால் இடைவெளி அளந்து, அட்டையில் நகத்தால் கீறினாள். பழைய உளியால் துளை போட்டு, விரல் நுனி நுழையும் அளவுக்குக் கத்தரியால் அகலப்படுத்தினாள். நான் உதவக் கையை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

பொட்டுகளைப் பிய்த்துவிட்டு முதல் அட்டையை வைத்து ஆன் செய்தோம். அது தோற்றது. ஒற்றை அட்டை மெல்லிசு. அதன்மேல் விரல் வைத்தாலே அடுப்பு உணர்ந்துகொண்டு கத்தியது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அக்கா, "கத்தட்டும். இன்னும் ரெண்டு வெட்டலாம்" என்றாள். மூன்று அட்டைகளை ஒட்டியும் ஒரு பொத்தான் மட்டும் அடங்கவில்லை. நான்காவது அட்டையோடு அது அமைதியானது. ஆன் துளையின் ஓரத்தில் ஒரு வெட்டு, ஆஃபுக்கு இரண்டு வெட்டு, சூடு ஏற்றுவதற்கு மேல்பக்கம் கூராக, இறக்குவதற்குக் கீழ்பக்கம் கூராக என்று, விரலுக்குத் தெரிய அடையாளம் வெட்டினாள். தண்ணீர் பட்டால் ஊறும் என்று, துளைகளை மட்டும் விட்டு மேலே டேப் ஒட்டச் சொன்னாள்.

அன்றைக்கு அவள் தனியாகச் சோறு வடித்து, குழம்பு வைத்து, அப்பளமும் பொரித்தாள். நான் சமையலறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்ததும் அவர் சட்டை மாற்றக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். மறுநாள் நான் கண்டக்டராகப் போகும் தாமல் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே தெரிந்த முகங்களுக்கெல்லாம் சொன்னேன். டிரைவர், "அடுப்புக் கதைய நிறுத்திட்டு விசில் குடுப்பா" என்று கத்தும்வரை சொன்னேன்.

அடுப்பு வாங்கிய கடைக்காரரிடம் சண்டை போடுவது போலத்தான் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பிறகு ஐயம்பேட்டையிலிருந்து, பார்வை போன ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரை அனுப்பிவைத்தார். அக்கா அவரிடம், "அடுப்ப எடுத்துக்கினு வாங்கம்மா. ஒவ்வொண்ணுலயும் பட்டன் வேற வேற எடத்துல இருக்குது" என்றாள். அவருக்குச் செய்து கொடுத்த பிறகு ஒரு வாஷிங் மெஷினுக்குச் செய்தாள்.

ஒருநாள் அந்தக் கடைக்காரர் அடுப்புக் கம்பெனியின் ஆள் ஒருவரை அழைத்து வந்தார். அக்கா டீ போட எழுந்தாள். அவள் கை அடுப்புப் பக்கம் போனதும் அந்த மனிதர் பதறி எழுந்தார். நான் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "பேசாம பாருங்க சார்."

விரல் அட்டைமேல் ஓடியது, ஒரு வெட்டைத் தொட்டது, உள்ளே இறங்கியது. ஒரே ஒரு 'பீப்'.

டீ குடித்தபின் அவரும் கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை எடுத்துவிட்டு முயன்றார். மூன்று தடவை தவறாக அழுத்தினார். "இத டிசைன் பண்றப்ப எங்கள்ல ஒருத்தரும் கண்ண மூடிப் பாக்கலம்மா. மேலிடத்துக்கு எழுதறேன்" என்றார்.

"எழுதுங்க" என்றாள் அக்கா. "அவங்க பண்ற வரைக்கும் வர்றவங்களுக்கு நான் பண்ணிக்கினு இருக்கறேன்."

"அட்டைய ஒரு போட்டோ எடுத்துக்கறேம்மா" என்று அவர் போனை எடுத்தார். அக்கா தடுத்தாள். தலைமுடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அடுப்பருகே நேராக நின்றாள்.

"அட்டை மட்டும் வேணாம். பண்ணவளையும் சேத்து எடுங்க."