காக்கா வந்த நேரம்

மனைவியின் முதல் வருஷத் திதியன்று, வில்லாபுரம் வீட்டு மொட்டை மாடியில் வாழையிலையோடு தனியாக நின்றேன். சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் என் கைச்சமையல். அவளுக்குப் பிடித்த உளுந்த வடை மட்டும் கடையில் வாங்கியது. காக்கா வந்து எடுத்தால்தான் அவள் சாப்பிட்டதாக அர்த்தம்; அதன்பிறகுதான் நான் சாப்பிடலாம். மற்ற சாங்கியங்களில் எனக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. இதில் உண்டு. ஒரு முறையாவது அவள் வர மாட்டாளா என்று வருடம் முழுக்க ஏங்கியிருந்தேன்.

இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கீழே போய்விட்டாள். லீவு கிடைக்காமல் பெங்களூரிலேயே இருந்துவிட்ட மகள், காக்கா வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் போனை எடுத்தேன். சத்தியமாக அதற்காகத்தான்.

குடும்பக் குரூப்பில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. எல்லோருக்கும் பதில் கும்பிடு போட்டேன். அப்புறம் யாரோ அனுப்பிய உசிலம்பட்டி மாட்டுச்சந்தை வீடியோ. ஒருவர் காளையின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயது சொன்னார். அது முடிந்ததும் இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. அவள் போனபிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது இந்தப் போன் மட்டும்தான். பூஜையறையில் கண்ணை மூடினாலும் கை அதைத்தான் தேடுகிறது. சாமி முன்னால் பத்து நிமிடம் உட்கார முடியாத மனுஷன், மாட்டுப் பல்லை எவ்வளவு நேரமும் பார்ப்பேன். வெட்கக்கேடு.

நிமிர்ந்தபோது இலையில் வடை இல்லை. சாதம் சிதறிக் கிடந்தது. எடுத்தது காக்காவா, அணிலா, எதிர்வீட்டுப் பூனையா, தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். எதுவும் வரவில்லை. அழுகை வந்தது. அப்போதுதான் மகள் போன் பண்ணினாள்.

"காக்கா வந்துச்சாப்பா?"

"வந்துச்சுத்தா. வடையத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"போட்டோ?"

"எடுக்க மறந்துட்டேன்."

"பரவால்லப்பா. அம்மா வந்தப்ப நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்கள்ல, அது போதும்."

"ஆமாத்தா" என்றேன். அன்று நான் சாப்பிடவில்லை.