பக்கத்துக் கட்டிலுக்குச் சேர வேண்டிய சால்வை

என் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லைத் தூக்கி வைத்தால் தொட்டபெட்டா இன்னும் நான்கடி உயரும். அப்பேர்ப்பட்ட ஆபரேஷன் முடிந்து குன்னூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன்.

நேற்று நம் பழைய கார் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி. ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று கருவியில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?

பக்கத்துக் கட்டில் சேவியர் அண்ணன், பிக்கட்டியில் மெக்கானிக். கேள்வியை அவரிடம் படித்துக் காட்டினேன். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"ரப்பர் டியூப்ல ஒரு முனையைக் காதுல வெச்சு, மறுமுனையை கார்புரேட்டர் வாய்கிட்ட புடிங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி உஸ்ஸுனு கேக்கோணும்."

அதை அப்படியே என் பதிலாகப் போட்டேன். குரூப்பே "குருவே!" என்று காலில் விழுந்தது.

இன்று குரூப் தலைவர் ஆப்பிளும் சால்வையுமாக நேரிலேயே வந்துவிட்டார். எனக்குப் போர்த்தியதும் முதலில் கைதட்டியவர் சேவியர் அண்ணன்.

"சாருக்குத் தெரியாததே இல்லீங்க!"

கல்லை எடுத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

தலைவர் போனதும் சால்வையை அண்ணனுக்குப் போர்த்தினேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் போட்டதாச்சே?"

"குளிருதில்லீங்களா" என்றேன். அப்போதும் உண்மை வாயில் வரவில்லை.

ஆகவே இங்கே, நம் குரூப்பிலேயே சொல்கிறேன். குரு அவர்தான். சால்வை சேர்ந்துவிட்டது. ஆப்பிளில் மட்டும் இரண்டைத் தின்று தொலைத்தேன். அதற்கான தண்டனையை நீங்களே சொல்லுங்கள்.