கொலைகாரன் யாரென்று சொன்னது நான்

அந்தத் தொடரை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் ஆங்கிலத் தொடர். எண்பதுகளில் தில்லியில் டிவி பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசியே தீர்த்தார்கள். இப்போது என் மருமகள் அதைத் தன் போனில் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு அன்யோன்யமான ஜோடி அத்தை!" என்கிறாள். அன்யோன்யமாம். துப்புகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிறவள் அந்தப் பெண். கடைசியில் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு விளக்கம் சொல்கிறவன் புருஷன். அவள் சோபா ஓரத்தில் உட்கார்ந்து அவனை மெச்சிச் சிரிக்கிறாள். அவள் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

அவள் சிரித்ததையே நான் மருமகளின் போனில்தான் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரு வாரம்கூட என்னால் முடிவை முழுசாகப் பார்க்க முடிந்ததில்லை. முடிவு வரும் நேரத்தில் நான் அடுக்களையில் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் முதலில் டிவி வாங்கியது நாங்கள்தான். தொடர் வரும் சாயங்காலம் எங்கள் முன்னறை நிறைந்துவிடும். மாடி வீட்டுத் தஞ்சாவூர் மாமாவும் மாமியும் வருவார்கள். எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் குழந்தை குட்டிகளோடு வரும். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி இல்லாமல் எப்படி? அதுவும் எப்போது? ஹாலில் எல்லோரும் கூடி, கொலைகாரன் பெயர் வெளிவரும் அந்த நேரத்துக்குச் சரியாகக் காப்பி வர வேண்டும். இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். முன்கூட்டியே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைக்கிறேனே என்று ஒருமுறை கேட்டேன். "பிளாஸ்க் காப்பியா? மாமா காறித் துப்பிருவாரு. புதுசாப் போடுளா" என்று முடித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொலைகாரன் யாரென்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நான் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். அந்த வேகமான ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியாது. மற்றவர்கள் எல்லாம் பேச்சைக் கேட்டார்கள். பேச்சு புரியாத நான் கையைப் பார்த்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய் நிறுக்கிறவன் "பெஹன்ஜி, பெஹன்ஜி" என்று தேனாய்ப் பேசுவான். வாயைப் பார்த்தால் ஏமாந்தோம். தட்டுக்கு அடியில் போகிற விரலைப் பார்க்க வேண்டும். டிவியிலும் அப்படித்தான். செத்தவனுக்காக அழுகிற ஒருத்தி அழுதுகொண்டே கையுறையைச் சரிசெய்வாள். போலீஸிடம் சிரித்துப் பேசுகிற ஒருவன் மேஜை மேலிருக்கும் பேனாவை நகர்த்தி நகர்த்தி வைப்பான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

முதல் தடவை அடுக்களைக்குப் போகும் வழியில், ஆசையாகத்தான், என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன்: "அந்த டாக்டருதான், பாத்துக்கிட்டே இருங்க." நான் பாலை அடுப்பில் வைக்கும்போது முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது. "டாக்டர்தான் சார் ஆளு. எழுதி வச்சிக்கோங்க." கொஞ்ச நேரத்தில் "அடேயப்பா!" என்று மாமா கத்தியதும் பஞ்சாபிக்காரர் கைதட்டியதும் கேட்டன. நான் காப்பியோடு வந்தபோது, தான் கண்டுபிடித்த விதத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. நானும் சிரித்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டு வழக்கமானது. பால் காய்ச்ச நான் எழுந்திருக்கும்போது தலையைச் சாய்த்து, "யாருளா?" என்பார். நான் சொல்வேன். அவர் அறிவிப்பார். நோகாமல் நுங்கு தின்பது என்றால் அதுதான். கொஞ்ச நாளில் மாமா அவரை "சி.ஐ.டி. சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு காலனி முழுக்க அதே பெயர். பால் டிப்போ வரிசையில்கூட என்னைக் காட்டி, "சி.ஐ.டி. சாரோட ஒய்ஃப்" என்றார்கள். வீட்டில் நான் ஒருநாள், "நாந்தான் சொன்னேன்னு ஒரு தடவ சொன்னா என்னவாம்?" என்று கேட்டேன். "ஒனக்கு இங்கிலீசே தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். சொன்னா நம்புவானா எவனும்?" என்றார். நியாயம் பேசுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

அதையும் பொறுத்தேன். பொங்கல் விழாவில்தான் பொறுக்க முடியாமல் போனது. காலனித் தமிழர்கள் சேர்ந்து நடத்திய விழா. குழந்தைகளின் ஆட்டம் பாட்டம் முடிந்ததும் இவரை மேடைக்குக் கூப்பிட்டு, 'துப்பறியும் சிங்கம்' என்று வேடிக்கையாகப் பட்டம் கொடுத்து மாலை போட்டார்கள். மைக் கிடைத்தால் விடுவாரா? "எல்லாத்துக்கும் காரணம் என் வீட்டுக்காரிதான்" என்று தொடங்கினார். சொல்லப்போகிறார் என்றே நம்பினேன். "அவ கையால ஒரு காப்பி உள்ள போனாத்தான் என் மூளை வேலை செய்யும்!" என்று முடித்தார். கூட்டம் கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி தொடையில் தட்டி, "கொடுத்து வச்சவள்டி நீ" என்றாள். என் உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

அடுத்த வாரம் தொடர் வந்தது. பணக்காரக் கிழவர் ஒருவரை யாரோ கொன்றுவிட்டார்கள். அவரோடு தொழில் செய்த கூட்டாளி, ஆறுதல் சொல்கிற நேரமெல்லாம் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். அவன்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாவம் போல ஒரு தோட்டக்காரனும் வந்து போனான். நேரம் வந்ததும் இவர் தலையைச் சாய்த்தார். "யாருளா?"

"தோட்டக்காரன்" என்றேன்.

எழுந்திருக்கவும் இல்லை. அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணால் அடுக்களையைக் காட்டினார். நான் டிவியைப் பார்த்தேன். "அவளுக்குத் தலவலி போல" என்று வந்தவர்களிடம் சமாளித்தார். "தலவலி எல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்கு நான் முடிவப் பாக்கப்போறேன்" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தோட்டக்காரன்தான் என்று அறிவித்தார். சும்மா இல்லை, காரணங்களோடு. செருப்பில் மண் இருந்ததாம், பார்வை சரியில்லையாம். மாமா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரையில் எல்லோரும் ஹாலில் கூடினார்கள். புருஷன்காரன் நடந்து நடந்து பேசி, கடைசியில் மோதிரக்காரன் முன்னால் போய் நின்றான்.

"என்ன சார், இன்னிக்கு கோட்டை விட்டுட்டேளே!" என்று மாமா சிரித்தார். பஞ்சாபிக்காரரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் முகம் கறுத்து என் பக்கம் திரும்பினார். "வேணும்னே தப்பாச் சொன்னியாட்டி? இத்தன வாரமும் சரியாத்தானட்டி சொன்ன!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. குற்றவாளி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று, சாட்சிகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இனி யாராவது ஒருவர் "அப்போ நீதானா?" என்று என்னைக் கேட்டால் போதும். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாமி புடவைத் தலைப்பை மடித்தாள். மாமா கூரையைப் பார்த்தார். பஞ்சாபிக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"பாபிஜி, ஆஜ் காஃபி நஹீன்?"

இன்றைக்குக் காப்பி இல்லையா என்று கேட்கிறார். எல்லோரும் மூச்சு வந்தது போலச் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. போட்டேன், காப்பி. அந்த ஆத்திரத்திலும் அது நன்றாகவே வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. இவர் போட்ட கூச்சலில் மோதிரக்காரன் ஏன் கொன்றான் என்பதும் என் காதில் விழவில்லை. மறுநாள் காலை மாமா படியிறங்கும்போது, "குட் மார்னிங் சி.ஐ.டி. சார்!" என்றார்.

அதன் பிறகு நான் யார் பெயரையும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. பட்டம் மட்டும் போகவில்லை.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். மாமி போய்ப் பல வருஷம் ஆகிறது. என் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "உங்கப்பாவுக்கு என்ன மூளை தெரியுமோ! டிவியில கொலைகாரன் யாருன்னு முன்னாடியே சொல்லிடுவார்" என்றார். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சொன்னது அவுக இல்ல, நான்" என்றேன். "ஒங்களுக்கும் தெரியும். அன்னைக்கு நீங்களும் அங்கதான இருந்திய."

பிள்ளை திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். மாமா என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மருமகளிடம், "பாவம், மனசு சரியில்லே. சூடா ஒரு காப்பி குடும்மா" என்றார். அவள் ஓடிப்போய், சமையல்காரர்கள் கொண்டு வந்திருந்த பிளாஸ்கிலிருந்து ஊற்றி வந்து என் கையில் கொடுத்தாள்.

மாமாவின் வாய் இன்னும் பாவம், பாவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கையைப் பார்த்தேன். விரல்கள் கைத்தடியின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தன. கிழவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.