நெற்றிப் பொட்டு

ஈரப்பஞ்சை வைத்ததும் சந்தன வாசனை கிளம்பியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் சேர்த்துவைத்துச் சுத்தம் செய்யும் பழைய சினிமா அட்டைகளில் இதுதான் அரியது: முருகன் வேடத்தில் ஒரு நடிகர். எழுபதுகளில், பினாங்குத் தியேட்டர் ஒன்றில் டிக்கெட் கிழித்த அப்பா, வாசலில் மாட்டியிருந்த இதைப் படம் மாறியதும் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா சாமி மேடையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

“அது ஆக்டர்லா!” சாம்பிராணிப் புகைக்கு நடுவே அப்பா கத்துவார்.

“வேல் பிடிச்சிருக்காருல்ல? பேசாம கும்பிடுங்க,” என்பாள் அம்மா.

முணுமுணுத்துக்கொண்டே அவரும் கும்பிடுவார்.

ஒரு வாரமாகத் தேய்த்து, இன்றுதான் பொட்டு பஞ்சோடு வந்தது. நெற்றியும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் வெள்ளைத் தாள் பல்லிளிக்கிறது. மறைக்க வேறு வழி தெரியாமல் குங்குமச் சிமிழைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.