அதே விலைன்னா பெருசா குடு

தலைவலி மாத்திரையை ரோட்டிலிருந்தே கத்திக் கேட்கிற ஜனம், பெரியவங்க டயப்பரை மட்டும் கண்ணாலேயே கேட்கும்; அதைப் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு சர்ஜிக்கல் கடை. வீல்சேர், வாக்கர், இடுப்பு பெல்ட், முட்டி உறை, அப்புறம் பெட்டி பெட்டியாக டயப்பர். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவள். ஏன் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஓனர் ரமா அக்கா கல்லாவில் உட்காரும், நான் கவுண்ட்டரில் நிற்பேன். என் வாயால் வியாபாரம் பாழாகிறது என்று அக்கா தினமும் திட்டும், ஆனால் வேலையை விட்டு அனுப்பாது. டயப்பர் அலமாரிப் பக்கம் நிற்க வேறு ஆள் கிடைக்காது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாருக்கோ ஒழுகுகிறது. இல்லையென்றால் உங்களுக்கே ஒழுகுகிறது. ரெண்டும் இல்லாதவர் இந்நேரம் பக்கத்தைத் திருப்பியிருப்பார். அதனால் நமக்குள் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாரு இடுப்பு

தேசிங்கு அங்கிள் முதல் தடவை வந்தபோது வாக்கரைத் தட்டிப் பார்த்தார், வெயிட் மெஷினில் ஏறி இறங்கினார், கடைசியில் அலமாரியைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பாருக்கு ஒண்ணு வேணும்" என்றார். ஐம்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கிற மில்லில் கான்ட்ராக்ட் வேலை. அப்பாருக்கு இடுப்பு எவ்வளவு என்று கேட்டேன். யோசிக்காமல் தன் பெல்ட்டைப் பிடித்துக் காட்டினார். நான் பெல்ட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "அங்கிள், அப்பாருக்கு ஆபரேஷன் எப்ப ஆச்சு?" என்றேன்.

பாவம், உடைந்துவிட்டார். ப்ராஸ்டேட் ஆபரேஷன். மூத்திர டியூபை எடுத்த நாளிலிருந்து சொட்டுகிறதாம். வீட்டில் சம்சாரத்துக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் தெரியக் கூடாது. முக்கியமாக, பக்கத்து சீட்டு குமாருக்குத் தெரியவே கூடாது. குமாரு வாயில் விழுந்தால் மத்தியானத்துக்குள் மில் முழுக்கப் பரவிவிடும். கான்ட்ராக்டர் வேறு, "நின்னு வேலை செய்ய முடிஞ்சா வா, முடியலன்னா கணக்க முடிச்சிக்கோ" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒரே ஒரு டயப்பரை வாங்கிக்கொண்டு, நான் போட்ட கறுப்புக் கவரை அவர் திருப்பிக் கொடுத்தார்.

"கறுப்புக் கவர்னா எல்லாருக்கும் டவுட்டு வரும் பாப்பா, நாஷ்டா பொட்டலம் மாதிரி பேப்பர்ல மடிச்சுக் குடு."

பொன்னேரி பஸ்

கவரைப்பேட்டைக்காரர்கள் எங்கள் கடையைத் தாண்டிப் பொன்னேரிக்குப் போய் டயப்பர் வாங்குவார்கள். பொன்னேரிக்காரர்கள் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவார்கள். இரண்டு ஊரிலும் ஒரே கம்பெனி சரக்கு, ஒரே விலை. நடுவில் பஸ்காரன் பிழைக்கிறான்.

ஒரு பொன்னேரி அம்மா படுக்கையில் கிடக்கிற புருஷனுக்கு வாரா வாரம் பேண்ட் மாடல் வாங்கிப் போகும். ஜட்டி மாதிரி மாட்டுகிற மாடல் எழுந்து நடக்கிறவர்களுக்கு, படுத்தே கிடப்பவருக்குப் பக்கவாட்டில் ஒட்டுகிற டேப் மாடல்தான் சுலபம், விலையும் கம்மி என்றேன். ரமா அக்கா கல்லாவிலிருந்தே என்னை முறைத்தது. இனிமேல் உங்கள் தெருமுனைக் கடையிலேயே வாங்குங்கள், வண்டிக் காசும் மிச்சம் என்றும் சொல்லி வைத்தேன். அக்கா கால்குலேட்டரைத் தூக்கிப் போட்டது. அந்த அம்மா டேப் மாடலை எடுத்துக்கொண்டது, தெருமுனைக் கடையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"பஸ் காசு போனா போவுது, எங்க தெரு கடைக்காரன் என் புருஷனோட கபடி ஆடினவன்டி."

பெருசு

எங்கள் கடையில் பாக்கெட்டாக இல்லாமல் லூஸில் எடுத்தால் எல்லா சைஸும் ஒரே ரேட்டு. கணக்குச் சுலபம் என்று அக்கா செய்து வைத்த ஏற்பாடு. அதிலிருந்து பிடித்தது சனி. அதே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை எவன் வாங்குவான்? நம்ம ஜனம் ஸ்கூல் யூனிஃபார்மையே மூணு வருஷம் முன்கூட்டி வாங்குகிற ஜனம். ஆறாம் வகுப்புப் பாவாடையை நான் ஒன்பதாம் வகுப்பு வரை இழுத்துக் கட்டினேன். அதே புத்தியோடு டயப்பரையும் வாங்கினால், தொடை ஓரத்தில் வாசல் மாதிரி இடைவெளி விழும். எல்லாம் அந்த வழியாக வெளியே போகும். அப்புறம் ஒண்ணு போதாது என்று ரெண்டு போடுவார்கள்.

தேசிங்கு அங்கிளும் இருப்பதிலேயே பெரிய சைஸைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். "பெருசு வாங்கியும் ஒழுகுது பாப்பா, டூப்ளிகேட் மாலா?" என்று ஒரு நாள் சண்டைக்கு வந்தார். இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். மீடியம். பெரியது இடுப்பில் நிற்காததால், அதற்கு மேல் வேட்டி பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருக்கிறார் மனுஷன். மீடியத்தை எடுத்து வைத்தேன். கையில் வைத்து எடை பார்த்தார். முகம் சுருங்கிப் போனது.

"அதே விலைக்கு சின்னது குடுத்தா, மீதிக்கு இன்னா குடுப்பே?"

ஜவ்வரிசி

அத்திப்பட்டிலிருந்து ஓர் அக்கா. புருஷனுக்கு பவர் பிளான்ட்டில் வேலை. மாமனாருக்கு வாங்குகிற டயப்பரை ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய மனசு வரவில்லை. பார்க்க நல்லாத்தானே இருக்கிறது என்று அத்தனையையும் வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டது. திறந்து பார்த்தால் டிரம் முழுக்க ஜவ்வரிசிக் கஞ்சி. புருஷன் சட்டை, பிள்ளைங்க யூனிஃபார்ம் எல்லாம் அதில் ஊறிக் கிடக்கிறது. மெக்கானிக் வந்து மோந்து பார்த்துவிட்டு, பாயசம் செய்தீர்களா என்று கேட்டாராம்.

சிரிப்பை அடக்க முடியாமல் வீல்சேர் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து வந்து சொன்னேன். உள்ளே இருப்பது தண்ணியை இழுக்கிற பொடி, துவைத்தால் வெடித்து வெளியே வரத்தான் செய்யும். துவைக்கத்தான் ஆசை என்றால் அதற்கென்றே துணி விரிப்பு இருக்கிறது. இல்லையென்றால் ரப்பர் ஷீட், அதன் மேல் நாலாக மடித்த பழைய காட்டன் புடவை. ஈரமானதும் மாற்ற ஆள் இருக்கிற பகல் நேரத்துக்கு அது போதும், டயப்பரை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அக்கா, கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அப்ப தூக்கிப் போடறதுக்குன்னே டப்பு குடுத்து வாங்கிக்கினு கீறனா நானு?"

தண்ணி

மீடியத்துக்கு மாறியதும் ஒழுகல் நின்றது. ஆனால் அங்கிள் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கேட்காமல் கொள்ளாமல் விற்பனைக்கு வைத்திருந்த வீல்சேரில் சாய்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. தண்ணி பாட்டிலை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறார். விசாரித்தால், காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னாலிருந்தே ஒரு மடக்குகூடக் குடிப்பதில்லையாம். ஒரு டயப்பரிலேயே முழு ஷிஃப்ட்டையும் ஓட்டிவிட வேண்டும் என்று கணக்கு. வேலையோ நெருப்புப் பக்கத்தில்.

எனக்குக் கெட்ட கோபம். "மயங்கி கம்பி மேல வுழுந்தா கான்ட்ராக்டரு வேலையா குடுப்பாரு? மாலைதான் குடுப்பாரு" என்றேன். என் வாயை அடக்குவதே வேலையாக இருக்கிற ரமா அக்கா அன்று அடக்கவில்லை. தானே எழுந்து வந்தது. தண்ணி குறைந்தால் மூத்திரம் கடுத்து இன்னும் அவசரப்படுத்தும், கிருமி சேர்ந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான், அந்தச் செலவில் ஒரு பெட்டி டயப்பர் வாங்கலாம் என்று திட்டிக்கொண்டே பாட்டிலை அவர் வாயில் வைத்தது.

குடித்து முடித்ததும் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். எவ்வளவு போகிறது, எப்போது போகிறது? இருமினால், தும்மினால், வெயிட் தூக்கினால் கொஞ்சம். மற்றபடி இல்லை. அடப் பாவி மனுஷா! ஒரு ஸ்பூன் தண்ணிக்கு டிரம் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதற்கு ஜட்டிக்குள் ஒட்டுகிற சின்ன பேட் போதும், டயப்பர் விலையில் பாதிகூட வராது. டாக்டர் வேறு, மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சி சொல்லியிருக்கிறார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டாராம். மறுபடியும் போய்க் கேளுங்கள் என்றேன். பேட்டை வாங்கிக்கொண்டார், ஆனால் தண்ணி விஷயத்தில் தன் கட்சியை விடவில்லை.

"உள்ள ஊத்துனாதானே பாப்பா வெளிய வரும்?"

பட்டாபட்டி

பேட் கொடுத்தேனே தவிர, அவர் உள்ளே என்ன போடுகிறார் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் போடுவது முட்டி வரைக்கும் தொளதொளவென்று தொங்குகிற பட்டாபட்டி. அதில் பேட்டை ஒட்டினால் எப்படி நிற்கும்? கொடியில் போஸ்டர் ஒட்டிய மாதிரிதான்.

பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் பேட் முட்டிக்கு இறங்கிவிட்டது. இன்னும் ஒரு குலுக்கு குலுக்கினால் பேண்ட் வழியாகத் தரைக்கு வந்துவிடும். வந்தால் பக்கத்தில் குமாரு. அங்கிள் இரண்டு முட்டியையும் ஒட்டவைத்துக்கொண்டு, வாத்து மாதிரி இறங்கி, கக்கூஸ் வரைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறார். சாயந்தரம் கடைக்கு வந்து, குமாரு பின்னாலிருந்து கேட்டதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். கண்ணில் தண்ணி. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே இறுக்கமான ஜட்டி வாங்கவைத்தேன்.

"முட்டி தேஞ்சி போச்சா மாமே? தைலம் தரவா, இல்ல தூக்கிக்கினு போவட்டா?"

ஹெல்மெட்

எது நடக்கக் கூடாதோ அது நடந்தேவிட்டது. மாற்றுவதற்கு வைத்திருந்த புது பேட் ஒன்று, கேண்டீனில் அங்கிள் பையைத் திறந்தபோது டிபன் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. குமாரு அதைத் தூக்கிப் பிடித்து, "இது இன்னா மாமே?" என்றிருக்கிறான். மொத்த டேபிளும் பார்க்கிறது. அங்கிளுக்கு வேலை, மானம், பஸ் சீட்டு எல்லாம் கண் முன்னால் போகிறது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ஹெல்மெட்டுக்குள் வைப்பது, வியர்வை கண்ணுக்கு இறங்காது.

குமாரு உடனே தன் ஹெல்மெட்டில் ஒட்டி மாட்டிக்கொண்டான். நெருப்புப் பக்கம் நின்று வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவன், கண் எரியவில்லை, சூப்பராக இழுக்கிறது என்று ஊரைக் கூட்டிவிட்டான். அடுத்த வாரம் ஒரு ஷிஃப்ட்டே அங்கிளிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொன்னது. கார்ட்டனாக எடுத்ததால் ரமா அக்காவும் விலையை இறக்கியது. அங்கிள் கார்ட்டனைத் தோளில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கவரும் இல்லாமல் பேப்பரும் இல்லாமல், கம்பெனி பஸ்ஸில் முன் வாசல் வழியாக ஏறினார். இப்போது தண்ணி குடிக்கிறார். இறுக்கிப் பிடிக்கிற பயிற்சியைக் குமாரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே செய்கிறாராம், வெளியே ஒன்றும் தெரியாதாம். அவரைக் கணக்கு முடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

போன வாரம் குமாருவே தனியாகக் கடைக்கு வந்தான். வாக்கரைத் தட்டிப் பார்த்தான். வெயிட் மெஷினில் ஏறி இறங்கினான். எனக்கு அந்த நடை தெரியும். "ஹெல்மெட் பேடா அண்ணே?" என்றேன். ஆமாம் என்றான். போகவில்லை. கம்பெனி கேண்டீனில் நாள் முழுக்க நின்று சமைக்கிற தன் சம்சாரத்துக்கு மூணாவது பிரசவத்திலிருந்து இருமல் வந்தாலே பேஜாரு என்று, வீல்சேரைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் குரலை இறக்கினான்.

"லேடீஸ் ஹெல்மெட்டுக்குன்னு தனியா எதுனா வருதா பாப்பா?"

நானும் முகத்தை மாற்றாமல் சைஸ் கேட்டுப் பேப்பரில் மடித்துக் கொடுத்தேன். ஆக, எங்கள் ஊரில் யாருக்கும் ஒழுகுவதில்லை, எல்லாருக்கும் தலைதான் வியர்க்கிறது.